உங்கள் ஊரின் பழைய பாராளுமன்ற உறுப்பினர்கள் யார்? இலங்கையில் 1989க்கு முந்திய தொகுதி வரலாற்றைத் தொகுக்கும் முறை

ஊர் மலருக்கோ பாடசாலை நூற்றாண்டு மலருக்கோ ‘எமது தொகுதி உறுப்பினர்கள்’ என்றொரு பட்டியல் கேட்பார்கள். பெரும்பாலானோர் 1947 முதல் 1977 வரை நடந்த எட்டுப் பொதுத்தேர்தல்களை எடுத்து, வென்றவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இடைத்தேர்தல், வெறுமையாகக் கிடந்த ஆசனம், எல்லை மாற்றம், கட்சி மாற்றம் எதுவும் அதில் வராது. தேர்தல்களை வரிசைப்படுத்துவது வேறு, ஆசனத்தில் யார் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்று எழுதுவது வேறு. இங்கே சொல்வது இரண்டாவதை. உதாரணத்துக்கு யாழ்ப்பாணத்தையும் அதைச் சுற்றியுள்ள தொகுதிகளையும் எடுத்துக்கொண்டாலும், மட்டக்களப்பு, மன்னார், நுவரெலியா எதற்கும் இதே முறைதான்.

எந்தச் சபை, எந்த ஆண்டு

முதலில் காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1833இல் தொடங்கிய சட்டநிரூபண சபையில் ஊருக்கு ஆசனம் கிடையாது. இனவாரியாகத்தான் இடம். முழு இலங்கைத் தமிழருக்கும் ஆளுநர் நியமித்த ஒருவர். முத்துக்குமாரசுவாமியும், 1879இல் அவர் இடத்துக்கு வந்த பொன்னம்பலம் இராமநாதனும் அப்படி இருந்தவர்கள். 1911இல் இராமநாதன் தேர்தலில் வென்ற ஆசனமும் ‘படித்த இலங்கையர்’ என்ற நாடளாவிய ஆசனமே, யாழ்ப்பாண ஆசனமல்ல. 1921, 1924 தேர்தல்களில்தான் மாகாணவாரி ஆசனங்கள் வந்தன. 1924இல் வட மாகாணம் பிரிவுகளாக்கப்பட்டது. ஆகவே 1931க்கு முந்திய பகுதிக்கு ஒரு பந்தியில் முன்வரலாறு எழுதலாம், அட்டவணையில் சேர்க்க வேண்டாம். இராமநாதனை ‘எங்கள் ஊரின் முதல் உறுப்பினர்’ என்று எழுதுவது பெருமைக்கு நன்றாக இருக்கும், வரலாற்றுக்குப் பொருந்தாது.

1931இல் டொனமூர் அரசியல் யாப்பின்படி அரசாங்க சபை வந்தது. தொகுதிவாரியாகத் தெரிவாகும் 50 பேர், நியமன உறுப்பினர் 8 பேர், அரச அதிகாரிகள் 3 பேர், மொத்தம் 61. 21 வயது வந்த ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்ததும் இதோடுதான். உங்கள் அட்டவணை தொடங்க வேண்டிய இடம் இது. 1931இலும் 1936இலும் இரண்டு தேர்தல்கள். அடுத்த தேர்தல் போர்க்காலத்தில் தள்ளித் தள்ளிப் போனதால் 1936இல் வந்தவர்கள் 1947 வரை இருந்தார்கள்.

1947இல் சோல்பரி யாப்பின் பாராளுமன்றம். அதில் பிரதிநிதிகள் சபை, செனட் சபை என இரண்டு. பிரதிநிதிகள் சபையில் தெரிவானவர் 95, நியமன உறுப்பினர் 6. செனட் சபையில் 30 பேர், யாருக்கும் தொகுதி கிடையாது. 1971 அக்டோபரில் செனட் ஒழிந்தது. 1972 மே 22 அன்று குடியரசு யாப்போடு கீழ்ச்சபை தேசிய அரசுப் பேரவை ஆனது. புதிதாகத் தேர்தல் நடக்கவில்லை, 1970இல் தெரிவானவர்களே தொடர்ந்தார்கள். 1977இல் பேரவைக்குத் தெரிவானவர்கள் 1978 செப்டம்பரில் வந்த இரண்டாம் குடியரசு யாப்பின் கீழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆனார்கள். 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு அவர்களுடைய காலத்தை நீட்டியது. விகிதாசார முறையில் நடந்த 1989 பெப்ரவரித் தேர்தலோடு ஊர்ப் பெயரில் ஆசனம் என்ற முறை முடிந்தது.

ஊர் எந்தத் தொகுதியில் இருந்தது

இந்த வேலையில் அதிக நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். தொகுதியின் பெயரையும் ஊரின் பெயரையும் ஒன்றாக எடுத்தால் பாதிப் பட்டியல் பிழைத்துவிடும்.

முல்லைத்தீவைப் பாருங்கள். அரசாங்க சபைக் காலத்தில் அது மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி. 1947 முதல் 1977 வரை அந்தப் பெயரில் தொகுதியே இல்லை, பகுதி வவுனியாத் தொகுதிக்குள் இருந்தது. 1977இல் தனித் தொகுதி ஆனது. ‘முல்லைத்தீவு’ என்று மட்டும் தேடுபவருக்கு முப்பது ஆண்டுகள் காணாமல் போகும். மானிப்பாய்க்காரருக்கும் இதே கதி. 1960 முதல் உடுவில் தொகுதி இருந்தது, 1977இல் உடுவில் என்ற பெயர் மறைந்து மானிப்பாய் வந்தது. வி. தர்மலிங்கம் 1960 முதல் 1977 வரை உடுவில் உறுப்பினர், அதன்பின் 1983 வரை மானிப்பாய் உறுப்பினர். ஆள் ஒருவர், ஆசனப் பெயர் இரண்டு.

தொகுதிகளை வெட்டித் தைத்த எல்லை நிர்ணய ஆணைக்குழுக்கள் மூன்று: 1946, 1959, 1976 அறிக்கைகள். விதி முதலில் எளிமையானது. மாகாணத்துக்கு 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் ஓர் ஆசனம். பரப்பால் 25, சனத்தொகையால் 70, ஆக 95. சனம் குறைந்த வட, கிழக்கு, வடமத்திய மாகாணங்களுக்குப் பரப்புக் கணக்கு கைகொடுத்தது. 1976 ஆணைக்குழுவுக்கு முன் 75,000 என்பது 90,000 ஆக்கப்பட்டது. யாழ் மாவட்டத்தில் 1947இல் ஏழு தொகுதிகள்: ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, யாழ்ப்பாணம், கோப்பாய், பருத்தித்துறை, சாவகச்சேரி. 1960 மார்ச் தேர்தலுக்கு நல்லூர், உடுவில், உடுப்பிட்டி, கிளிநொச்சி சேர்ந்து பதினொன்று. 1977இலும் பதினொன்றுதான், பெயர் ஒன்று மாறியது.

செய்ய வேண்டியது இது. மூன்று அறிக்கைகளிலும் தொகுதி எல்லையை விவரிக்கும் இணைப்பைத் திறந்து, உங்கள் ஊர் அடங்கும் கிராமத் தலைமைக்காரர் பிரிவின் பெயரைத் தேடுங்கள். பழைய எல்லைகள் அந்தப் பிரிவுகளையும் வீதி, வாய்க்கால், கடலேரிக் கரைகளையும் வைத்தே எழுதப்பட்டவை. இன்றைய கிராம சேவையாளர் பிரிவைக் கொண்டு தேடினால் தவறும், ஏனென்றால் பிரிவுகளும் அவற்றின் எல்லைகளும் பின்னர் மாறின. ஊர் இரண்டு தொகுதிகளில் பிளந்து கிடந்தால் இரண்டு உறுப்பினர் பெயர்களையும் எழுதுங்கள். வசதிக்காக ஒன்றை விடாதீர்கள். மாநகர சபை எல்லையும் தொகுதி எல்லையும் ஒன்றென்று எடுக்கவும் கூடாது.

அட்டவணை

எட்டு நிரல்கள் போதும்: தொகுதி, சபை, பெயர், தெரிவான முறை (பொதுத்தேர்தல், இடைத்தேர்தல், கட்சி நியமனம்), தெரிவான தேதி, ஆசனம் நீங்கிய தேதி, நீங்கிய காரணம், கட்சி. ‘நீங்கிய காரணம்’ இல்லாத அட்டவணை பாதி அட்டவணைதான். சபை கலைப்பு, மரணம், பதவி விலகல், தேர்தல் மனுவில் தெரிவு செல்லாமற் போனது, தொடர்ந்து சமுகமளிக்காததால் ஆசனம் இழந்தது என்று ஐந்து வகைக்குள் ஏறக்குறைய எல்லாம் அடங்கும்.

தெரிவான தேதியில் ஒரு கண்ணி உண்டு. 1960 மார்ச் 19க்கு முந்திய பொதுத்தேர்தல்கள் ஒரே நாளில் நடந்தவை அல்ல. 1947இல் ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 20 வரை, 1952இல் மே 24 முதல் 30 வரை, 1956இல் ஏப்ரல் 5, 7, 10 ஆகிய மூன்று நாள்கள். உங்கள் தொகுதிக்கு எந்த நாள் என்பதை வர்த்தமானியில்தான் உறுதி செய்ய வேண்டும். அதன்பின் 1960 ஜூலை 20, 1965 மார்ச் 22, 1970 மே 27, 1977 ஜூலை 21 என்று ஒரே நாள்.

யாழ்ப்பாணத் தொகுதியை இப்படி நிரப்பினால் கிடைப்பது:

1931–1934: வெற்றிடம்
1934–1947: அருணாசலம் மகாதேவா (1934 இடைத்தேர்தல், 1936 பொதுத்தேர்தல்)
1947–1960: ஜீ. ஜீ. பொன்னம்பலம், தமிழ்க் காங்கிரஸ் (1947, 1952, 1956)
1960–1965: அல்பிரட் துரையப்பா, சுயேச்சை (மார்ச், ஜூலை)
1965–1970: ஜீ. ஜீ. பொன்னம்பலம், தமிழ்க் காங்கிரஸ்
1970–1977: சி. எக்ஸ். மார்ட்டின், தமிழரசுக் கட்சி
1977–1983: வெ. யோகேஸ்வரன், தமிழர் விடுதலைக் கூட்டணி
1983–1989: வெற்றிடம்

முதல் வரியும் கடைசி வரியும்தான் மலர்களில் வழக்கமாகக் காணாமற் போகிறவை. 1931இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் முன்னின்று நடத்திய புறக்கணிப்பால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளில் எவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. வடக்கின் ஐந்தாவது தொகுதியான மன்னார்–முல்லைத்தீவுக்கு உறுப்பினர் வந்தார். 50 ஆசனங்களில் 46 மட்டுமே நிரம்பின. மற்ற நான்கும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அந்த மூன்று ஆண்டுகளை 1934இல் வந்தவர் தலையில் கட்டி ‘மகாதேவா 1931–1947’ என்று எழுதினால், ஊரின் அரசியலில் மிகப் பெரிய முடிவொன்று பட்டியலிலிருந்து அழிந்துபோகும்.

1983 வேறு கதை. அந்த ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம் பிரிவினையை ஆதரிப்பதில்லை என்ற சத்தியத்தை உறுப்பினர்களிடம் கேட்டது. கூட்டணியினர் அதைச் செய்யாமல் சபைக்குப் போகாதிருந்து, அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஆசனங்களை இழந்தார்கள். ஒவ்வொருவரும் இழந்த தேதி வேறுபடலாம், ஹன்சாட்டில் (சபை நடவடிக்கைகளின் அதிகாரபூர்வ அறிக்கை) ஆளுக்கு ஆள் பாருங்கள். ‘1977–1989’ என்று எழுதுவதுதான் இங்கே மிகப் பரவலான பிழை.

நடுவில் ஏற்பட்ட வெற்றிடங்கள்

காங்கேசன்துறையைப் பட்டியலிட்டுப் பார்த்தால் இது புரியும். 1947இல் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸில் வென்றார், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்று, 1956இல் திரும்பி வந்தார். 1972இல் பதவி விலகினார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6 அன்றுதான் நடந்தது. இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆசனம் வெற்று. 1975இல் மீண்டும் வென்றவர் 1977 ஏப்ரல் 26 அன்று காலமானார். ‘1956–1977 செல்வநாயகம்’ என்ற ஒற்றை வரி இவ்வளவையும் விழுங்கிவிடும்.

1978 யாப்புக்குப் பிறகு விதி மாறியது. வெற்றிடத்தைக் கட்சியே பெயர் கொடுத்து நிரப்பலாம். கோப்பாயில் சி. கதிரவேற்பிள்ளை 1981இல் இறந்தபின் மு. ஆலாலசுந்தரம் வந்தது இப்படி. வட்டுக்கோட்டையில் தா. திருநாவுக்கரசு 1982இல் இறந்தபின் 1983இல் நீலன் திருச்செல்வம் வந்ததும் இப்படித்தான். இவர்களைத் தேர்தல் முடிவு அறிக்கைகளில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். ‘தெரிவான முறை’ நிரல் வைத்தது இதற்காகத்தான்.

கட்சி நிரலில் தெரிவான அன்றைய கட்சியையே எழுதுங்கள். பிறகு மாறினால் அடிக்குறிப்பு. 1970இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் வென்ற நல்லூர் சி. அருளம்பலமும் வட்டுக்கோட்டை ஆ. தியாகராசாவும் 1972 குடியரசு யாப்புக்கு ஆதரவாக வாக்களித்தவர்கள். மட்டக்களப்பு செ. இராசதுரை 1977இல் கூட்டணியில் வென்று 1979இல் அரசாங்கப் பக்கம் போனார். பின்னாளைய கட்சியை முன்னாளில் ஒட்டினால், வாக்காளர் செய்யாத தெரிவை அவர்கள் செய்ததாகிவிடும்.

பெயர்க் குழப்பம்

சுட்டிகளில் ‘பொன்னம்பலம்’ என்று தேடுங்கள், தலை சுற்றும். பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் இருவருக்கும் அது தந்தை பெயர். அருணாசலத்தின் மகன் மகாதேவா, அவரை 1947இல் யாழ்ப்பாணத்தில் தோற்கடித்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். அவர் மகன் குமார் பொன்னம்பலமும் 1977இல் யாழ்ப்பாணத்தில் போட்டியிட்டார், வெல்லவில்லை. 1975இல் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்து நின்ற வி. பொன்னம்பலம் கம்யூனிஸ்ட், வேறு ஆள்.

இரண்டு சிவசிதம்பரங்கள் ஒரே சபையில் இருந்தார்கள். மு. சிவசிதம்பரம் 1960 முதல் 1970 வரை உடுப்பிட்டி, 1977இல் நல்லூர். தா. சிவசிதம்பரம் வவுனியா. பத்திரிகைத் தலைப்பு ‘சிவசிதம்பரம் எம்.பி.’ என்று மட்டும் போட்டிருந்தால் தொகுதியைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். காங்கேசன்துறையின் சு. நடேசனையும், செனட் சபையில் நெடுங்காலம் இருந்த வழக்கறிஞர் சோ. நடேசனையும் ஒருவராக்கிவிடுவது இன்னொரு வழமையான தடுமாற்றம்.

பதவிக் குழப்பமும் இதோடு சேர்ந்தது. துரையப்பா 1975 ஜூலை 27 அன்று கொல்லப்பட்டபோது யாழ் மாநகர முதல்வர், பாராளுமன்ற உறுப்பினரல்ல. அவர் சபையில் இருந்தது 1960 முதல் 1965 வரை. 1970இல் நூறு வாக்குகூட இல்லாத வித்தியாசத்தில் மார்ட்டினிடம் தோற்றார். செனட்டர்களையும் நியமன உறுப்பினர்களையும் அஞ்சலிக் குறிப்புகள் தாராளமாக ‘முன்னாள் எம்.பி.’ என்று எழுதும். தொகுதி அட்டவணையில் அவர்களுக்கு இடமில்லை.

வாக்குகளைச் சரிபார்க்கும் கணக்கு

வாக்கு எண்ணிக்கையும் போட விரும்பினால் மூன்று கணக்குகள் செய்யுங்கள். எல்லா வேட்பாளர்களின் வாக்குகளும் சேர்ந்து செல்லுபடியான வாக்குகளுக்குச் சமமாக வேண்டும். அதோடு நிராகரிக்கப்பட்டவை சேர்ந்து அளிக்கப்பட்ட வாக்குகளுக்குச் சமமாக வேண்டும். அதை இடாப்பிலுள்ள வாக்காளர் தொகையால் வகுத்தால் வீதம். எங்காவது இடித்தால், பெரும்பாலும் தேர்தலுக்கு மறுநாள் பத்திரிகையில் இலக்கம் மாறி அச்சானதாக இருக்கும். தேர்தல் திணைக்களத்தின் முடிவு அறிக்கையையே எடுங்கள்.

பல அங்கத்தவர் தொகுதியில் இந்தக் கணக்கு வேலை செய்யாது. வாக்காளருக்கு ஆசனத்துக்கு ஒன்று வீதம் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கு இருந்ததால் வாக்குகளின் கூட்டுத்தொகை ஆள் தொகையைத் தாண்டும். 1947இல் 95 உறுப்பினருக்கு 89 தொகுதிகள், 1960இல் 151 பேருக்கு 145, 1977இல் 168 பேருக்கு 160. வித்தியாசம் இந்தப் பல அங்கத்தவர் தொகுதிகளால் வந்தது. மட்டக்களப்பு 1947இல் ஓர் ஆசனம், 1960 முதல் இரண்டு. ஆகவே 1960க்குப் பின் ஒரு தேர்தலுக்கு ஒரு பெயர் மட்டும் உங்கள் கையில் இருந்தால் மற்றவரைத் தேடுங்கள். 1977இல் இராசதுரையோடு தெரிவான அகமது பரீத் ஐக்கிய தேசியக் கட்சிக்காரர். நுவரெலியா–மஸ்கெலியா அதே ஆண்டில் மூன்று ஆசனத் தொகுதி, சௌமியமூர்த்தி தொண்டமான் அதில் ஒருவர்.

ஆண்டுக்கு ஆண்டு வாக்காளர் தொகையை ஒப்பிடும்போது இடாப்பில் யார் இருந்தார் என்று பாருங்கள். மலையகத்தில் 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளர்களை இடாப்பிலிருந்து நீக்கின. 1947க்கும் 1952க்கும் இடையில் அங்கே தொகை சரிந்தது மக்கள் ஆர்வம் குறைந்ததால் அல்ல. 1959இல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது. எந்த ஆண்டு இடாப்பில் அது புகுந்தது என்று பார்த்த பிறகே உயர்வுக்குக் காரணம் சொல்லுங்கள்.

எங்கே தேடுவது

தேதிக்கு வர்த்தமானி. ஆசனம் நீங்கியதற்கும் சத்தியப்பிரமாணத்துக்கும் ஹன்சாட். வாக்குக்குத் தேர்தல் திணைக்கள அறிக்கை. எல்லைக்கு ஆணைக்குழு அறிக்கைகள், இவை அமர்வுப் பத்திரங்களாக (அரசு எண்ணிட்டு வெளியிடும் அறிக்கைத் தொடர்) வெளியானவை. இவற்றைக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். போகுமுன் சபையின் பெயர், ஆண்டு, மாதம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். ‘யாழ்ப்பாணத் தொகுதி’ என்று கேட்டால் அங்கே யாராலும் எடுத்துத் தர முடியாது, கட்டுகள் ஆண்டுவாரியாகத்தான் இருக்கும்.

வேட்பாளர், கூட்டம், சின்னம் போன்ற விவரங்களுக்குப் பத்திரிகைகள்: இந்து சாதனம், ஈழகேசரி, வீரகேசரி, தினகரன், சுதந்திரன். பல இதழ்கள் நூலகம் இணையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டதோடு உள்ளூர்ச் சேகரிப்புகள் பல போய்விட்டதால், உள்ளூர்த் துண்டுப்பிரசுரம், வீட்டுப் பழம்பத்திரிகைக் கட்டு போன்றவை கிடைத்தால் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுதந்திரன் தமிழரசுக் கட்சி சார்ந்தது என்பதை நினைவில் வைத்தே அதிலுள்ள தேர்தல் செய்திகளை வாசிக்க வேண்டும். வாக்கு எண்ணிக்கைக்கு எந்தப் பத்திரிகையையும் கடைசி ஆதாரமாக வைக்காதீர்கள்.

பட்டியலை 1989 பெப்ரவரியில் நிறுத்துங்கள். நல்லூர், கோப்பாய், மானிப்பாய் என்ற பெயர்கள் இன்றைய முடிவுகளிலும் வருவதைப் பார்த்துச் சிலர் தொடர்ந்து எழுதிக்கொண்டே போகிறார்கள். அவை இப்போது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வாக்கெண்ணும் பிரிவுகள் மட்டுமே, அவற்றுக்குத் தனி உறுப்பினர் இல்லை. கிளிநொச்சியும் அதே மாவட்டத்துக்குள் வரும். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டம். 1989க்குப் பிந்திய உறுப்பினர்களையும் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் தேர்தல் மாவட்டத்தின் பெயரில் வேறோர் அட்டவணை போடுங்கள்.